காலி மண்டபத்தின் கணக்கு

மாலை நாலு. அரவேனு மண்டபத்தில்
விருந்தாளி யாரும் வரவில்லை இன்னும்.
டெம்போவில் கொண்டுவந்தவர்கள் ஆம்பை மூலையில் வைத்துவிட்டார்கள்,
அங்கே வைத்தால் யார் காலிலும் இடறாதாம்.
மூலைக்கு ஒரு குணம்: சொன்னதைப் பெருக்கிச் சொல்லும்.

தடித்த கம்பியைத் தொட்டேன்.
தகரக் கூரை பதில் சொன்னது.
மேலே ஏதோ ஓர் ஆணி,
மூன்றாம் கட்டில் விரல் வைத்தால் மட்டும்
ஜிர்ர் என்கிறது.
நாலாம் கட்டுக்குப் போனால் வாயே திறப்பதில்லை.

"பேஸ் கேக்கல," என்றான் டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து போஜன்.
கேட்கவில்லை என்பவனுக்குக் கூட்டிக் கொடுப்பதுதானே வழக்கம்.
பேஸ் குமிழைப் பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணிக்குத் திருப்பினேன்.
ஜன்னல் கண்ணாடிக்குக் கேட்டது. என் முழங்காலுக்குக் கேட்டது.
தம்ளரில் இருந்த டீ வட்டம் வட்டமாக நடுங்கியது.
"இப்பவும் கேக்கல."

பகலில் நான் தேயிலை ஃபேக்டரியில் டிரையர் பார்க்கிறவள்.
ரோலரும் மின்விசிறியும் சேர்ந்து போடும் அந்த ஒற்றை முனகலுக்குள்
பேரிங் ஒன்று வறண்டால்
ஃபிட்டருக்கு முன் எனக்குத் தெரியும்.
சத்தத்தைக் கூட்டி யாரும் பேரிங்கைக் கேட்பதில்லை;
மற்றதை ஒவ்வொன்றாக நிறுத்தித்தான்.

குறைத்தேன்.
பேஸைப் பதினொன்றுக்கு, பிறகு பத்துக்கு.
லோ-மிட்டை இன்னும் கீழே. அங்கேதான் இருந்தது
எல்லாச் சுரத்தையும் மூடிக் கிடந்த ஈரச் சாக்கு.
ஹை-மிட் ஒரு மயிரிழை மேலே.
ஆம்பைச் சுவரைவிட்டு மூன்றடி இழுத்து
பலகைத் தரைக்கும் அதற்கும் நடுவே
என் சால்வையை மடித்துத் திணித்தேன்.
குளிர்ந்தது, பரவாயில்லை.

சுரத்துக்கு விளிம்பு வந்தது,
எங்கே தொடங்குகிறது,
எங்கே என் விரல் அதை விடுகிறது என்று.
போஜன் ஒன்றும் சொல்லவில்லை.
என் விரலோடு பெடலை மிதிக்க ஆரம்பித்தான்.
சாக்பீஸால் ஐந்து குமிழுக்கும் ஐந்து கோடு போட்டு வைத்தேன்.

ஆறரைக்கு மழை.
கூச்சம் இல்லாமல் மேல்ஸ்தாயி முழுவதையும் எடுத்துக்கொண்டது.
பின்னாலேயே கீழ்க்கோத்தகிரி பஸ்ஸில் மாப்பிள்ளை வீட்டார்,
நாற்காலிக்கு மிஞ்சி,
ஸ்வெட்டர், மப்ளர், குரங்குக் குல்லா, நனைந்த கம்பளி.
சுவரோடு மல்லுக்கட்டி நான் வாங்கிய விளிம்பையெல்லாம்
கம்பளி வாசலிலேயே குடித்துவிட்டது.

முதல் பாட்டின் நடுவில்
திறந்த கம்பி ஒன்று வரக் காத்திருந்தேன்.
வந்தது. இடது கைக்கு நாலு எண்ணிக்கை ஓய்வு.
அதற்குள் எட்டி, சாக்பீஸ் கோட்டைத் தாண்டித் திருப்பினேன்:
ஹை-மிட் இரண்டு மணி. டிரெபிள், கைக்கு வந்த அளவு.
பேஸைத் தொடவில்லை.

பிறகு மூன்றாம் கட்டு.
ஆணிக்காகக் காது கொடுத்தேன்.
மழைக்கும் இத்தனை பேச்சுக்கும் நடுவே
அது சொன்னதா இல்லையா என்று தெரியவில்லை.
மேடையில் மணப்பெண் மட்டும்
போட்டோவுக்குச் சிரிப்பதை நிறுத்தி
ஒரு கணம் கூரையைப் பார்த்தாள்.