நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில்

ரூஸே நகரத்தில் ஜூலை.
ட்ராலிபஸ் ஸ்டீயரிங்கைத் துணி சுற்றித்தான் பிடிக்கிறேன்.
ஞாயிறு மட்டும் விடுப்பு.

சனி இரவே தயிரை மல்துணியில் முடிந்து
சமையலறைக் குழாயில் தொங்கவிட்டேன்.
சொட்டு.
சொட்டு.
இந்தச் சத்தம் எனக்குப் புதிதில்லை.
மூன்று வருடம் முன்பு
மேல்வீட்டு நெவேனாவின் குழாய் கசிந்து
என் கூரையில் ஒரு பேரிக்காய் வரைந்தது,
காம்பு உட்பட.
அன்றோடு பேச்சு நின்றது.
படியில் எதிர்ப்பட்டால்
இருவருக்கும் ஒரே நேரத்தில்
சாவி தொலைந்துபோகும்.

காலையில் முடிச்சை அவிழ்த்தேன்.
நீர் வடிந்த தயிர்
கரண்டியைக் கவிழ்த்தாலும் விழ மறுத்தது.
விஷயம் இவ்வளவுதான்:
தண்ணீர் உள்ளே இருந்தால் ஐஸ் நறநறக்கும்,
வெளியே போனால் நாக்கில் சரியும்.

புளிப்புச் செர்ரி ஒரு கிலோ.
கொண்டை ஊசியால் கொட்டை எடுத்து முடித்தபோது
முழங்கைவரை கொலைக்காரி.
சர்க்கரையோடு ஒரு கொதி, நன்றாக ஆறவிட்டு
தயிரில் லிண்டன் தேன், பிறகு செர்ரி.
இரண்டே சுற்று.
மூன்றாவது சுற்றினால் எல்லாம் ஒரே இளஞ்சிவப்பு.
வெள்ளை வெள்ளையாகவும்
சிவப்பு சிவப்பாகவும்
ஒரே குச்சியில் இருக்க வேண்டும் எனக்கு.

அச்சு வாங்கவில்லை.
காலி தயிர் டப்பாக்கள் ஐந்து;
மிச்சத்துக்கு பிஸ்கட் வந்த பிளாஸ்டிக் தட்டு,
ஒல்லி ஒல்லியாய் மூன்று பள்ளம்.
குச்சிகள் டிப்போ காப்பி மெஷினிலிருந்து,
கேட்காமல் எடுத்தவை.

மாலை ஐந்தரை.
லிஃப்ட் பெருமூச்சு விட்டு நின்றது,
நாலாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில்.
உள்ளே நெவேனா, இரண்டு தர்பூசணிகளோடு, கத்தி இல்லாமல்.
டெக்னீஷியன் சிலிஸ்ட்ராவிலிருந்து வர வேண்டுமாம்.
இரண்டு மணி நேரம்.
கீழ்வீட்டு ப்ளாமென் கதவை நெம்பினார்:
இரண்டு விரல் இடைவெளி திறந்தது,
அதற்குமேல் இரும்பு சம்மதிக்கவில்லை.

நான் தரையில் குப்புறப் படுத்தேன்.
என் மூக்குக்குக் கீழே அவள் தலை வகிடு.
நரைத்திருந்தது. எனக்குத் தெரியாது.
"குளிர்ச்சியாக ஏதாவது வேண்டுமா?"
பதில் வர நேரமானது.
"என்ன இருக்கிறது?"

ஓடினேன்.
டப்பா ஐஸ் நுழையவில்லை.
சாய்த்தேன், திருப்பினேன்,
என் மணிக்கட்டு வழியே முழங்கைக்கு இறங்கியது செர்ரி.
திரும்ப ஓடினேன்.
பிஸ்கட் தட்டின் ஒல்லி ஐஸ்
கடிதம் தபால்பெட்டிக்குள் போவதுபோல் போனது.

உள்ளே மௌனம்.
பிறகு உறிஞ்சும் சத்தம்.
பிறகு அவள் குரல்:
"தேன் கொஞ்சம் அதிகம்."
சற்று நேரம் கழித்து,
"எத்தனை மணி நேரம் தொங்கவிட்டாய்?"
"ராத்திரி முழுக்க."
"ம்."
என் கையிலிருந்து ஒரு சொட்டு
அவள் வகிட்டில் விழுந்தது.
நிமிர்ந்து பார்த்தாள்.
"மேலிருந்து ஒழுகினால் இப்படித்தான் இருக்கும்" என்றேன்.
சொல்லியிருக்க வேண்டாம்.
சிரித்தாள்,
லிஃப்ட் லேசாக ஆடியது,
ப்ளாமென் இருவரையும் திட்டினார்.

ஒல்லி மூன்றும் அவளுக்கே போயின.
எட்டு மணிக்கு வந்த டெக்னீஷியன்
டப்பா ஐஸ் இரண்டு தின்றுவிட்டு
ஒரு திருகாணியைத் திருப்பினான்.
அவள் வெளியே வந்தாள்,
தர்பூசணிகளைத் தூக்கிக்கொண்டு
படியேறிப் போனாள்.
நன்றி கிடையாது, நின்று பார்க்கவும் இல்லை.

திங்கள் அதிகாலை, வேலைக்குக் கிளம்பக் கதவைத் திறந்தால்
மிதியடிமேல்
கழுவிக் காயவைத்த காலி பிஸ்கட் தட்டுகள்.
ஒன்றல்ல, நாலு.