பதினொரு பெட்டி

மொத்த வியாபாரியின் விதி சுருக்கமானது:
நாற்பது பெட்டிக்குக் கீழே லாரி நகராது.
ஸ்கார்வே தீவுக்கு வேண்டியதோ
பதினொன்று.

தொண்ணூற்றிரண்டு பேர் அங்கே.
ஒரே சாலை, அதுவும் பாதியில் முடிந்துவிடும்.
பழைய கடைக்காரர் கதவைச் சாத்திவிட்டு
கிளாஸ்கோவுக்குக் குடிபோன வருடம்
ஆளுக்குப் பத்து பவுண்டு, இருபது,
ஒருவர் கிடாய் விற்ற பணம் முழுவதும் என்று போட்டு
பூட்டிய கடையை
ஊரே வாங்கிக்கொண்டது.
வாங்கிய பிறகுதான் தெரிந்தது
அலமாரி தானாக நிரம்பாது என்று.

நான் இக்கரையில்
கூட்டுறவுப் பண்டகசாலையில்
ஆர்டர் எழுதுகிறவன்.
புதன்கிழமை மாலை, விளக்கு போட்டபின்
எங்கள் நானூறு பெட்டிக்கு அடியில் ஒரு கோடு போட்டு
அவர்களுடைய பதினொன்றை எழுதுவேன்.
ஓட்ஸ் இரண்டு. பூனைத் தீனி ஒன்று.
டீத்தூள் ஒன்று, பக்கத்திலேயே, போன வாரம் மறந்துவிட்டீர்கள்.
ஒருமுறை
பிறந்தநாள் மெழுகுவத்தி, ஒரே ஒரு பாக்கெட்.
யாருக்கு எத்தனை வயது என்று கேட்கவில்லை.
பாக்கெட்டில் இருபத்துநாலு இருக்கும்.

வடக்கே உள்ள சங்கம்
தன்னிடம் சும்மா கிடந்த உறைபெட்டியைக் கொடுத்தது,
கதவு ரப்பரை மட்டும் புதிதாக மாற்றி.
கிழக்கே உள்ள சங்கம்
மாதம் ஒருமுறை கணக்காளர் ஃபெர்கஸை அனுப்புகிறது.
படகு அசைந்தாலே வாந்தி எடுக்கிற மனிதர்.
போகிறார்.

இதையெல்லாம் ஆண்டறிக்கையில் போட்டோம்,
வண்ணப்படத்தோடு.
கைதூக்கிவிடுகிறோம் என்று
எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம்.

பொதுக்குழுவுக்கு மர்டீனா மகாஸ்கில் வந்தாள்.
தீவுக் கடையின் செயலாளர்.
எங்கள் சங்கத்தில் ஒரு பவுண்டு பங்கு.
இரண்டு படகு, ஒரு பஸ், நனைந்த காலணி.
தலைவர் டொர்குல்
தீவிலிருந்து வந்த நண்பரை வரவேற்போம் என்றார்.
கைதட்டினோம்.
அவள் உட்காரவில்லை.

பெட்டிக்கு நாற்பது பென்ஸ்
எங்கள் விலையில் சேர்த்திருக்கிறீர்கள். எதற்கு?

நிர்வாகச் செலவு என்றார் டொர்குல்.

அப்படியானால் நாங்கள் வாடிக்கையாளர்.
அதையே சொல்லுங்கள்.
தோழமை என்று படம் போடாதீர்கள்.

மண்டபத்தில்
கெட்டில் கொதிக்கிற சத்தம் மட்டும்.

அந்த நாற்பதை வாராவாரம் தட்டியது
இந்த விரல்.
எனக்கு அது ஒரு கட்டம்,
நிரப்பாவிட்டால் அடுத்த பக்கம் திறக்காது.

வாக்கெடுப்பு.
லட்சம் பவுண்டு போட்டவருக்கும் ஒரு கை,
ஒரு பவுண்டு போட்டவளுக்கும் ஒரு கை.
கைதூக்கிவிட நாங்கள் நினைத்தவள்
கை தூக்கினாள்.
என் கை கொஞ்சம் தாமதமாகப் போனது.
முழுசாக நீக்கும் தீர்மானம்
மூன்று வாக்கில் தோற்றது.
கடைசியில் நாற்பது இருபதாக நின்றது.

அடுத்த வருடமும் வருவேன் என்று சொல்லி
பிஸ்கட் இரண்டை எடுத்துக்கொண்டு
பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.
நன்றி என்று ஒரு சொல் இல்லை.
எனக்கு அது பிடித்திருந்தது,
ஏன் என்று வீட்டில் கேட்டார்கள்,
சொல்லத் தெரியவில்லை.

அவர்கள் பெட்டிகளை
எப்போதும் லாரியில் மேலேதான் அடுக்குவோம்.
இளக்காரமாக அல்ல;
கனமில்லாதது மேலே,
முதலில் இறங்க வேண்டியதும் மேலே.

நேற்று புதன்.
தீவின் தாள் வந்தது.
ஓட்ஸ் இரண்டு, பூனைத் தீனி ஒன்று,
எல்லாம் சேர்த்துப் பதினொன்று.
அடியில் கோணலாக ஒரு கோடு.
கோட்டுக்குக் கீழே
இதுவரை என் ஏட்டில் இல்லாத ஒரு பெயர்:
ஹெஸ்கர் முனை, ஏழு வீடு, மூன்று பெட்டி.
எங்களோடு சேர்த்து அனுப்புங்கள்,
இங்கிருந்து எங்கள் படகில் போகும்.

சேர்ப்புத் தொகை என்ற கட்டத்தை
நிரப்பாமல் விடவில்லை அவள்.
பேனாவை அழுத்தி
சுழியம் போட்டிருந்தாள்.