எட்டு வாரச் சாவி

மாணவர் விடுதி என்கிறது பலகை.
உண்மையில் அது மூடிப்போன வங்கியின் பின்கட்டு.
மூன்று அறை, ஒரு கழிப்பறை,
கழிப்பறைக்குள் ஒரு பச்சைத் தவளை.

எட்டு வாரத்துக்கு ஒருமுறை
வெள்ளிக்கிழமை பஸ்ஸில் போவார்கள்,
திங்கட்கிழமை பஸ்ஸில் வருவார்கள், வேறு முகங்களோடு.
இடையில் கிடைக்கும் இரண்டு நாளில்
விரிப்புகளைத் துவைத்துக் கம்பியில் எறிகிறேன்.
எறியத்தான் வேண்டும்; வலது தோள்
நாலாண்டாய்த் தலைக்கு மேல் போகாது.
ஒவ்வொரு குழுவும் அதற்கு
முதல் பயிற்சியிலிருந்தே தொடங்குகிறது.

விட்டுப்போவார்கள்:
அடியில் ஒட்டிய கடலை வெண்ணெய்,
போன் சார்ஜர்கள்,
எலும்புகளின் பெயர் எழுதிய அட்டைகள்,
ஒருமுறை ஒற்றைச் செருப்பு.
மற்றதை வைத்துக்கொண்டு எப்படி
ஊர் போய்ச் சேர்ந்தானோ.

அப்புறம் அந்தப் படிவம்.
வந்த அன்று ஒன்று, போகும் அன்று ஒன்று.
ஐந்தாண்டில் எங்கே வேலை பார்ப்பீர்கள்?
நகரம். சிற்றூர். தொலைதூரம். தெரியாது.
உறையில் போட்டுத் தபாலில் சேர்ப்பதும் என் வேலைதான்.
ஒட்டுவதற்கு முன் பார்த்துவிடுவேன்.
பார்க்காதவள் மாதிரிப் பேச எனக்கு வராது.

லாக்லன் இங்கிருந்து எண்பது கிலோமீட்டரில்
மாட்டுப் பண்ணையில் பிறந்தவன். நர்சிங்.
பாம்புக்கும் பயமில்லை, பஞ்சருக்கும் பயமில்லை.
தொலைதூரம் என்ற கட்டத்தில்
தாள் கிழியும்படி பேனாவை அழுத்தியிருந்தான்.
மெல்போர்னில் இருக்கிறான் இப்போது.
பெரிய ஆஸ்பத்திரி, ஒன்பதாவது மாடி.
அவன் அம்மா என்னைக் கடையில் பார்த்தால்
தக்காளி விலை பற்றிப் பேசுகிறாள்.

தூயென் பிரிஸ்பேன்காரி. பிசியோதெரபி.
இனாலாவில் அப்பாவுக்கு பேக்கரி.
முதல் இரவே என் கதவைத் தட்டினாள்:
கழிப்பறையில் ஏதோ இருக்கிறது,
அது என்னைப் பார்க்கிறது.
மூடியைத் தட்டிவிட்டுத் திற, ஒதுங்கிக்கொள்ளும் என்றேன்.
எட்டு வாரமும் பெட்ரோல் பங்க் வரை நடந்தாள்.
காபி சரியில்லை. இணையம் சரியில்லை.
ஈக்கள் கண்ணுக்குள் நீச்சல் பழகுகின்றன.
மேற்பார்வையாளர் திரையில் வந்து
பாதி வாக்கியத்தில் உறைந்துபோகிறார்.
வந்த அன்றும் நகரம், போன அன்றும் நகரம்.
நேர்மையான பிள்ளை என்று உறையை ஒட்டினேன்.

பிறகு பதினொரு குழு.
ஆறு இரண்டு தடவை சாலையை எடுத்துக்கொண்டது.

ஏழு வாரத்துக்கு முன், பஸ் வராத ஒரு புதன்கிழமை,
வாசலில் செம்மண் அப்பிய சின்னக் கார்.
தூயென். கழுத்தில் மருத்துவமனை அட்டை.
இரண்டாண்டு ஒப்பந்தம்.

ஏன் என்றேன். கேட்டிருக்கக் கூடாது.
பல்கலைக்கழகம் கேட்கிற குரலிலேயே கேட்டுவிட்டேன்.

கொஞ்ச நேரம் சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
"அங்கே ஒரு முழங்கால் வரும்.
ஆறு வாரம் மடக்குவேன், நீட்டுவேன், போய்விடும்.
பிறகு அது என்ன ஆனது என்று தெரியாது.
இங்கே டன்ஸ்டனின் முழங்கால்
இறைச்சிக் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்றது.
மாடிப்படி ஏற முடிகிறதா என்று கேட்டேன்.
இந்த ஊரில் ஏது மாடி என்றார்."
சிரித்தாள்.
"அதுதான் காரணமா, தெரியவில்லை.
சம்பளமும் கொஞ்சம் அதிகம்."

வீடுதான் கிடைக்கவில்லை.
டாக்டருக்கென்று கட்டியதில் கூரை இல்லை,
ஆசிரியருக்கென்று கட்டியதில் ஆசிரியர் இருக்கிறார்.
ஆள் பற்றாக்குறை பற்றி மூன்று அலுவலகங்கள்
ஒன்றுக்கொன்று கடிதம் போட்டுக்கொள்கின்றன.
ஆகவே மூன்றாம் அறை.
மாணவர்களுக்கு மட்டும், எட்டு வாரம் மட்டும் என்று விதி.
இந்த வெள்ளியோடு எட்டு முடிகிறது.

திங்களன்று புதியவர்கள் மூன்று பேர்.
கூடத்தில் மடக்குக் கட்டில் போட்டிருக்கிறேன்.
சாவியைத் திரும்ப வாங்கச் சொல்லி மின்னஞ்சல் வந்திருக்கிறது.
நான் இன்னும் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம்.

காலையில் சுவருக்கு அந்தப் பக்கம்
மூடியின் மேல் இரண்டு தட்டு.
பிறகு ஒரு சின்ன அமைதி.
ஒதுங்கிக்கொள்ள அதற்கு நேரம் கொடுக்கிறாள்.