வியாழன், ஆறு மணி

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில்
மருந்து தந்த பிள்ளை
மாத்திரை உறையின் பின்பக்கம் எழுதித் தந்தது:
வியாழன், ஆறு மணி,
கோயிலுக்குப் பின்னால், பச்சைக் கதவு.
எந்தக் கோயில்? சிலுவையா, வேலா?
திருகோணமலையில்
ஒரு கல்லெறிந்தால் மூன்றில் படும்.

மூன்று நாள் சட்டைப் பையில் கிடந்தது.
நாலாம் நாள் பஸ் நிலையத்தில்
சில்லறை எடுக்கும்போது விழுந்தது.
மான் வந்து தின்றது.

வெளியூர்க்காரர் சிரிப்பார்கள்.
இங்கே மான் என்றால் அப்படித்தான்,
டிக்கெட், வடை சுற்றிய தாள்,
எதையும் விடாது.
என் வியாழக்கிழமை அதன் தாடைக்குள்
இரண்டு தரம் சுற்றிப் போனதைப்
பார்த்துக்கொண்டு நின்றேன்.
பொய் சொல்லவில்லை,
உள்ளுக்குள் ஒரு நிம்மதி.

நான் மின்சார சபையில் லைன்மேன்.
எந்த வீட்டு மீற்றர் பின்னோக்கி ஓடுகிறது,
எந்தச் சந்தியில் காகம் செத்தால்
எந்தத் தெரு இருளும்,
எல்லாம் தெரியும்.
கண்ணைக் கட்டி விட்டாலும்
தவறணைக்குப் போய்ச் சேருவேன்.

கேட்கலாம். யாரிடம்?
கேட்ட கேள்வி எனக்கு முன்னால் ஓடும்,
உவர்மலை ஏறி, பாலையூற்றில் இறங்கி,
மனைவியின் தையல் கடைக்கு.
அவளுக்குத் தெரியாததல்ல.
குடிக்கிறான் என்று தெரிவது வேறு,
விடப் பார்க்கிறான் என்று தெரிவது வேறு.
விழுந்தவனைத் தூக்க வருவார்கள்;
எழும்புகிறவனைத்தான்
நின்று பார்ப்பார்கள்.

போன ஆவணியில்
பெல்ட் கொளுவாமல் கம்பத்தில் ஏறிவிட்டேன்.
கீழே நின்ற நிர்மலகாந்தன்
சத்தம் போடவில்லை.
மெதுவாக ஏறி வந்து
கொளுவிவிட்டு இறங்கினான்.
அன்றிலிருந்து
என்னோடு வேலை என்றால்
அவனுக்குக் காய்ச்சல்.

கடைசியில் கேட்டது
தவறணைக் கம்பிக்குப் பின்னால்
காசு வாங்கும் விமலசூரியவிடம்.
"கால் போத்தலா?"
"இல்லை. ஒரு இடம் கேக்கவேணும்."
அவர் மற்றவனின் மிச்சக் காசை எண்ணி முடித்தார்.
"மாதா சிலை இருக்குத்தானே,
அங்க திரும்ப வேணாம். அடுத்த ஒழுங்கை.
பச்சை இப்ப இல்ல, நீலம் அடிச்சாச்சு."
"உங்களுக்கு எப்பிடி..."
"இங்க வராத ஆக்கள் எங்க போறாங்கண்டு
எனக்குத் தெரியாம இருக்குமா?"

நீலக் கதவு. வாசலில் ஏழு சோடிச் செருப்பு.
போய்விடலாம் என்று திரும்பியபோது
ஒன்றைக் கண்டேன்,
அறுந்த வாரைச் செம்புக் கம்பியால் கட்டியது.
அந்தக் கம்பியை வெட்டிக் கொடுத்தவனே நான்தான்.
மகளுக்குக் கணக்குப் படிப்பிக்கிற சேர்.

உள்ளே கரம் போர்ட்டைச் சுவரில் சாத்தி
பிளாஸ்டிக் கதிரைகள் போட்டிருந்தார்கள்.
சேர் என்னைப் பார்த்தார்.
பக்கத்துக் கதிரையில் கிடந்த குடையை எடுத்து
நிலத்தில் வைத்தார்.
அவ்வளவுதான்.

கிண்ணியாக்காரர் ஒருவர்
பல் டொக்டரிடம் போவதாகச் சொல்லிவிட்டு
பதினொரு மாதமாக வருகிறாராம்.
"இன்னும் ஒரு பல்லும் குறையல்ல,
பொஞ்சாதி எண்ணிப் பாக்குறா."
சிரித்தோம்.
சிரிக்காத பெண்ணொருவர்
கைப்பையை மடியில் இறுக்கியிருந்தார்,
இறங்கும் இடம் தெரியாமல்
பஸ்ஸில் இருப்பவர் போல.

என் முறை.
பெயரைச் சொல்லத்தான் வாயெடுத்தேன்.
"மான் திண்டிட்டுது" என்று வந்தது.
ஒருவரும் என்னவென்று கேட்கவில்லை.
பிளேன்ரீ வந்தது.
கோப்பை சாசரில் தந்தி அடித்தது.
அந்தத் தந்தியை
அறையில் எல்லோரும் முன்பே வாசித்திருந்தார்கள்.

திரும்பும் வழியில் தவறணை.
அதன் முன்னால் தெருவிளக்கு ஒன்று
மினுங்கி மினுங்கி அணைந்தது,
நாளைக்கு யாராவது ஏற வேண்டும்.
விமலசூரிய கம்பிக்குள்ளிருந்து குரல் தந்தார்:
"கிடைச்சதா?"
"ஓம்."
"அப்ப வியாழன் இங்க வர வேணாம்."
"இல்லை."

வெள்ளிக்கிழமையைப் பற்றி
அவரும் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.