பதினேழு பாகை

மேலே எதுவும் தங்கக் கூடாது என்றார்கள்.
டம்ளர் கூடாது, கோப்பு கூடாது,
நேற்றைக் கிழித்த நாட்காட்டித் தாள்கூட.
அரசு அலுவலகக் கணினி என்றால்
அதன் தலையில் ஒரு குடித்தனமே ஏறிவிடும்,
டீ கொட்டும், உள்ளே கருகும்,
ஆறே மாதத்தில் புகார் வரும்.

அதனால் சரித்தேன்.

சேதராப்பட்டுப் பட்டறையில்
மெருகேற்றிய தகட்டைச் சாய்த்துச் சாய்த்து
பத்துப் பாகையில் டம்ளர் நின்றது.
பன்னிரண்டில் யோசித்தது.
பதினைந்தில் இறங்கியது, ஆனால்
மரி லூயிஸின் பைக் சாவி மட்டும் பிடிவாதம்.
பதினேழில் சாவியும் போனது.
கைதட்டினோம்.

மூலைகளுக்கு மூன்று மில்லிமீட்டர் வளைவு.
இரண்டரை போதும் என்றான் அவன்.
அந்த அரை மில்லிமீட்டருக்காக
இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை.

நிறத்துக்கு வீராம்பட்டினம் போனேன்,
கடலும் வானும் இன்னும் பிரியாத
காலை ஐந்தரையின் சாம்பல்.
வண்ண அட்டவணையில் அதற்கு
ஓர் எண் மட்டும் இருந்தது.

விசை கண்ணில் படாமல்
வலது விளிம்பின் அடியில்.
விளம்பரப் படத்தில் வெள்ளை மேசை, வெறும் சுவர்.
வயர்களை அழித்துவிட்டிருந்தார்கள்.

எட்டு மாதம் கழித்துக் கடலூர்.
மஞ்சக்குப்பத்தில் பத்திரப்பதிவு அலுவலகம்.
யாரென்று சொல்லாமல்
வில்லங்கச் சான்றுக்கு டோக்கன் வாங்கினேன்.
பொய் இல்லை, செம்மண்டலத்தில்
அம்மா பெயரில் ஒரு மனை உண்டு.

மூன்றாம் மேசை. அஞ்சலாட்சி என்று பெயர்ப்பலகை.
என் சாம்பலைத் தேடினேன்.
அதன் மேல் மிக்சிப் பெட்டியின் அட்டை,
ஆப்பு வடிவில் மடித்து, பழுப்பு டேப் ஒட்டி,
என் சரிவின் மேல் எதிர்ச்சரிவு.
மேலே சமதரை.
சமதரையில்
மை ஒத்தி, தேதி முத்திரை, குண்டூசி டப்பா,
பாதி குடித்த சுக்குக் காபி.

நான் ஒளித்த விசையின் பக்கத்தில்
நகப்பூச்சில் ஒரு சிவப்புப் பொட்டு.

எழுந்து கிட்டே போனேன்.
அட்டையில் நீளத் துளைகள் பன்னிரண்டு.
குத்தியவை அல்ல, அளந்து நறுக்கியவை.
கீழே என் பன்னிரண்டு காற்றுத் துளைகளுக்கு
நேர் மேலே, ஒன்றும் விலகாமல்.
காபிக்கும் துளைகளுக்கும் நடுவே
விரல் உயரத்துக்கு ஒரு வரப்பு.

'என்னங்க பாக்கறீங்க?'
'இது... கம்பெனியே குடுத்ததா?'
'அவங்களா! நாலு தபா வழுக்கி வுழுந்து
சீல் ஒடஞ்சே போச்சி.
இத செஞ்ச ஆளு
கையில எதுவுமே வச்சிருக்க மாட்டான் போல.'
'இந்த ஓட்டை?'
'சூடாவுதில்ல. அதுவும் மூச்சு விடணும்ல.'

கைப்பையில் பாகைமானி இருந்தது.
எடுக்கவில்லை.
டம்ளரின் விளிம்புக்கு இணையாக
நின்றிருந்தது காபி.

சர்வே எண் கேட்டாள். சொன்னேன்.
முப்பது வருடம் தேடிப் பார்த்து
வில்லங்கம் ஏதும் இல்லை என்றது
நான் செய்த இயந்திரம்.
பார்க்காமலே கை நீட்டினாள்,
நீட்டிய இடத்தில் முத்திரை இருந்தது.
தட்டினாள், திரும்ப வைத்தாள்.
உருளவில்லை.

அடுத்த டோக்கனைக் கூப்பிடத் திரும்புகையில்
அவள் முழங்கை மூலையில் உரசியது.
அழுத்தமாகத்தான்.
கீறவில்லை, அவள் கவனிக்கவும் இல்லை.

மூன்று மில்லிமீட்டர்.
மரி லூயிஸிடம் இதை மட்டும் சொல்ல வேண்டும்.