இரண்டு குறைகிறது

அறுபது தொலைபேசிப் பெட்டிகள் என்கிறது பதிவேடு.
எண்ணினால் ஐம்பத்தெட்டு.
பிஷ்கெக்கிலிருந்து வந்திருந்த லெப்டினன்ட் சினார்பெக்
விரல்நுனியை ஊதிக்கொண்டு இன்னொரு தரம் எண்ணினார்.
நான் அடுப்பில் கரி தள்ளினேன்.

பொய் சொல்வானேன்,
அந்தச் சனியன்கள் மேல் எனக்குப் பாசமில்லை.
கைப்பிடியைச் சுற்றிச் சுற்றித் தோள் கழன்றதுதான் மிச்சம்.
ஈரம் பட்டால் இருமும்,
குளிர் முற்றினால் ஊமையாகும்.
"கேட்கிறதா, கேட்கிறதா" என்று கத்தியே
இருபத்தொரு குளிர்காலம் என் தொண்டை பாழ்.

புதியது உள்ளங்கையில் அடங்குகிறது.
சங்கேதப் பூட்டு, சின்னத் திரை, பச்சை விளக்கு.
முதல் சோதனையில் நாரின் நகரத்தில் ஒருவன்
கொட்டாவி விட்டது
என் காதுக்குள் விட்டதுபோல் இருந்தது.
சிப்பாய் எர்மெக் சிரித்த சிரிப்பில்
தேநீர் முழுக்க வரைபடத்தின் மேல்.

'காணாமற்போன காரணம்' என்றொரு கட்டம் படிவத்தில்.
பேனா உறைந்திருந்தது.
அக்குளில் வைத்துச் சூடாக்கி எழுதினேன்:
பனிச்சரிவில் தொலைந்தன.
"இரண்டுமா?"
"ஒன்று மட்டும் போய் யாரோடு பேசும், ஐயா?"

அவர் என்னைப் பார்த்தார்.
சன்னலுக்கு வெளியே
பனிக்குள் இறங்கிப்போகும் கறுப்புக் கம்பியைப்
பார்க்கவில்லை.
கையெழுத்துப் போட்டார்.

கம்பி போய்ச் சேரும் இடம் ஓர் ஆட்டுப்பட்டி.
அங்கே மாவு மூட்டைக்கும் சேணத்துக்கும் நடுவே ஒன்று.
என் கட்டிலுக்கடியில் மற்றது.
பட்டி மேட்டில் நின்றால் ஆற்றுக்கடவு முழுசாய்த் தெரியும்;
எங்கள் காவல் கோபுரத்துக்கு அது தெரியாது.

லாரி புறப்பட்டு அரை மணி இருக்கும்.
கட்டிலுக்கடியில் மணி இருமியது.
பூருல்கான்.
"ஆற்றுப் பனி பிளந்துவிட்டது.
வண்டி ஏதும் அனுப்பிவிடாதே."
பிறகு, வழக்கம்போல,
"வெண்ணெய் வேண்டுமா?"

புதியதை எடுத்தேன். ஒரே அழுத்தல்.
"நிறுத்துங்கள். கடவில் பனி உடைந்திருக்கிறது."
பிரேக்.
ஐம்பத்தெட்டுப் பெட்டிகள் ஒன்றோடொன்று மோதின,
அதிலொரு மணி தானாய் ஒரு தரம் அடித்தது.
அப்புறம் பேச்சே இல்லை.
பனிக்கடியில் நீர் ஓடுவது கேட்டது,
அவ்வளவு துல்லியமான கருவி.

"உனக்கு யார் சொன்னது?"

"பனிச்சரிவு, ஐயா."