நம்ல்

அஜ்மானில் காலை எட்டுக்கே நாற்பத்திரண்டு டிகிரி.
ஆய்வகத்தில் ஏசி பதினெட்டு;
இஷ்ராகாவின் முன்கையில் ரோமம் குத்திட்டு நிற்கிறது.

ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து
இரண்டு பட்டைகளை ஒட்டினேன்.
ஒன்று கோணல். பிய்த்து மறுபடி.
மெழுகுத் தொட்டிப் பக்கம் யாரோ
விரலைச் சுட்டுக்கொண்டு சிரிக்கிறார்கள்.

குமிழைத் திருகுகிறேன், ஒரு மயிரிழை.
ஒன்றுமில்லை என்று உதட்டைப் பிதுக்குகிறாள்.
இன்னும் ஓர் இழை.
"நம்ல்" என்றாள்.

எனக்கு அந்தச் சொல் தெரியாது.
மற்றக் கையின் இரண்டு விரலைக்
குடுகுடுவென மேசைமேல் நடத்தினாள்
ஜெல் பாட்டில் வரைக்கும்.

எறும்பு!
எங்களுக்கும் அதுதானே ஊரும்.

அடுத்த திருகலில்
அவளுடைய மோதிர விரல்
அவளைக் கேட்காமல் எழுந்தது.
இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்,
வேறு யாருடையதோ போல.

குறிப்பேட்டில் எழுதினேன்:
நோயாளி சொன்னது, எறும்பு.
சிவப்பு மையால் அடித்து
மேலே பரஸ்தீசியா என்று எழுதித் தந்தார்
டாக்டர் ஹனான்.

பிறகு என் முறை.
குமிழ் இப்போது அவளிடம்.
நம்ல், நம்ல் என்று
மனசுக்குள் சொல்லிப் பார்த்துத்
தயாராகத்தான் கை நீட்டினேன்.
வந்ததென்னவோ "ஆ".

சட்டென்று
குறைத்தாள்.